தனக்கென்று கேட்காத பென்ஷன்

என் கணவர் ஒரே ஒரு தடவைதான் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது வருஷம் முன்னாள் உறுப்பினராக இருந்தார். எங்கள் பக்கத்தில் யாரும் அந்த 'முன்னாள்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னதில்லை. கடைசிவரை அவர் எம்மெல்லேதான். நான் எம்மெல்லே வீட்டு டீச்சர்.

பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டு, அறுவடை செய்து அவரைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர்கள். எங்கள் தொகுதி அப்போது தனித் தொகுதி. கட்சியில் அவருக்கு இடம் கிடைத்ததும், ஜெயித்ததும் எங்கள் தெருவுக்கே ஒரு திருவிழா போல இருந்தது. நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவர் சென்னையில் உறுப்பினர் விடுதியில் இருந்த நாட்களில் நான் இங்கே 'அ' எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வந்த சம்பளத்தில் பாதி கட்சிக்குப் போனது, மீதி மனு கொடுக்க வந்தவர்களின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போனது. வீடு என் சம்பளத்தில் நடந்தது. இதைக் குறையாக அப்போது நான் நினைத்ததில்லை.

பதவி முடிந்ததும் அவர் ஒரு இரும்புப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். பெட்டியில் நான்கு வேட்டி, நான்கு சட்டை, ஒரு கட்டு லெட்டர் பேடு. அந்த லெட்டர் பேடில் மேலே அவர் பெயரும் பதவியும் அச்சடித்திருந்தது. இனி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு தாளாக மேல் பகுதியை வெட்டிப் போட்டார். மீதித் தாள் நல்ல தாள், வீணாக்கக் கூடாது என்றார். உட்கார்ந்து வெட்டி முடிக்க ஒரு முழு மத்தியானம் ஆனது.

அந்த வருஷம்தான் அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டுக்கோட்டை போனார். திரும்பும்போது மழை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு தேங்காய் மண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினார். காவல்காரர் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டு, உட்காருங்க என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே இவருக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. இவருக்கு முன்பிருந்தே இரண்டு தடவை சபையில் இருந்தவர் அவர். எதிர்க்கட்சிக்காரர். கடற்கரை ஓரத்துப் பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி அவர் பேச எழுந்தால் ஆளுங்கட்சிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். தேர்தலுக்கும் கட்சிக்காரர்களின் வழக்குகளுக்கும் நிலத்தை விற்று விற்று, கடைசியில் வீடும் போய், பிள்ளைகளோடும் ஒத்துப்போகாமல், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இவர் அவருடைய பெயரைச் சொல்லி வணங்கியிருக்கிறார். ஆளை மாற்றிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். மழை விட்டு இவர் கிளம்பும்போது மட்டும் வாசல்வரை வந்து, கிட்டே நின்று சொன்னாராம்.

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, தம்பி."

வீட்டுக்கு வந்து அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அந்த வெட்டிய தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். முன்னாள் உறுப்பினர்களுக்கும், இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கும் மாதாமாதம் ஏதாவது ஒரு தொகை கொடுக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவர வேண்டும் என்பது மனு. அவருக்குக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் நகல் எழுதும் வேலை எனக்கு வந்தது.

கட்சி பேதம் பார்க்காமல் தெரிந்த எல்லா முன்னாள் உறுப்பினர்களுக்கும் கடிதம் போட்டார். நிலைமை என்ன, எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள், மனுவில் கையெழுத்துப் போடச் சம்மதமா என்று கேட்டு. வசதியானவர்கள் பதில் போடவில்லை. பதில் போட்டவர்களின் கார்டுகளை நான்தான் படித்துக்காட்டினேன். ஒருவர் மருமகன் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். ஒரு அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதியிருந்தார். வீட்டுக்காரர் போன பிறகு இட்லி சுட்டு விற்பதாகவும், வாசலில் அவர் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லிப் பிள்ளைகள் சண்டை போடுவதாகவும். சில கடிதங்கள், பெறுபவர் காலமானார் என்ற குறிப்போடு அப்படியே திரும்பி வந்தன.

ஐந்தாறு தடவை சென்னைக்குப் போனார். பெரியவர்களின் அறை வாசலில் காத்துக் கிடந்தார். சிலர் அனுதாபமாகக் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஜனங்கள் காறித் துப்புவார்கள் என்றார் ஒருவர். இவர் எல்லோரிடமும் ஒன்றையேதான் சொன்னார். கடைசிக் காலத்துக்குச் சோறு இருக்கிறது என்று தெரிந்தால்தான் இல்லாதவன் தேர்தலில் நிற்பான், பதவியில் இருக்கும்போது கை நீட்டாமல் இருப்பான். இல்லாவிட்டால் பணக்காரர்கள் மட்டும் உட்கார்கிற சபையாகிவிடும் அது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

அடுத்த தேர்தலில் கட்சி அவரையே மறுபடி நிறுத்தியது. எதிர்த்து நின்றவருக்கு இந்த மனு நல்ல தீனியாகக் கிடைத்துவிட்டது. ஐந்து வருஷம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு ஆயுசு முழுக்கச் சம்பளம் கேட்கிறார் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். இவர் அதற்கெல்லாம் அசரவில்லை. பதில் வைத்திருந்தார்.

ஆனால் ஒரு நாள் எங்கள் ஊருக்குக் கிழக்கே நாற்றங்காலில் பெண்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஓட்டுக் கேட்கப் போனார். பள்ளி விடுமுறை, நானும் கூடப் போயிருந்தேன். அந்தக் கூட்டத்தில் அவருக்குச் சித்தி முறையாகிற ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. முதல் தேர்தலில் கொடி பிடித்துக்கொண்டு எங்களோடு ஊர் ஊராக நடந்தவர். நாற்று முடியைக் காலில் தட்டிச் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எம்மெல்லேக்கெல்லாம் பென்ஷன் கேட்டு எழுதியிருக்கியாமே தம்பி. அதுல எங்களையும் சேத்து எழுதியிருக்கியா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாரோ ஒரு பெண் சிரித்தாள். என் கணவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல, சித்தி" என்றார்.

"சரி, அடுத்த தடவ எழுதறப்ப எழுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மறுபடி குனிந்துகொண்டார். ஓட்டும் இவருக்குத்தான் போட்டார். எனக்குத் தெரியும்.

தேர்தலில் தோற்றார். கொஞ்ச நாளில், யார் ஆட்சியில் இருந்தாலும் இது நடந்துதான் தீரும் என்கிற மாதிரி, திட்டம் வந்தது. அவருடைய மனுவால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். இன்னும் பல பேர் பல ஊர்களிலிருந்து கேட்டிருப்பார்கள். ஆனால் டீக்கடையில் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் அப்படியே பஸ் ஏறிப் பட்டுக்கோட்டை போனார். நான் அவரைத் தேடி ஆள் விட்டேன்.

மண்டி வாசலில் அந்த முக்காலியில் வைத்துத்தான் அந்த விண்ணப்பத்தை எழுதினார்களாம். முதலில் அந்தப் பெரியவர் மறுத்திருக்கிறார். இனி எதற்கு, எவ்வளவு நாள் இருக்கப்போகிறேன் என்றாராம். இவர் விடவில்லை. சான்றிதழ் வாங்க அவரோடு சென்னைக்குப் போனார், அலுவலகத்தில் வரிசையில் நின்றார். இட்லி சுட்டு விற்ற அந்த அம்மாவுக்கும், மாடு பார்த்துக்கொண்டிருந்தவருக்கும், இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் இவரே போய் எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வருஷம் அவர் முகத்தில் இருந்த தெளிச்சி சபையில் இருந்த ஐந்து வருஷத்திலும் இருந்ததில்லை.

பணம் வர ஆரம்பித்ததும் பட்டுக்கோட்டைப் பெரியவர் மண்டி வேலையை விட்டுவிட்டு, தாராசுரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு சீப்பு பூவன் பழம். எங்கள் தெருவுக்கு அவர் மாதிரிக் குடும்பத்து ஆட்கள் அதற்கு முன்னால் ஓட்டுக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்தார். நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பிறகு என் கணவரிடம் கேட்டார், உங்களுக்கு வந்துவிட்டதா தம்பி என்று.

இவர், வந்துவிடும் என்றார்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கைத் தொடுவார். பெரியவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் நேராகக் கேட்டேன். விண்ணப்பமே போடவில்லை என்று சொன்னார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எழுதிக்கொடுத்த மனிதன்!

ஏன் என்று கேட்டேன். நாற்றங்காலில் சித்தி கேட்டதைச் சொன்னார். எனக்கு நினைவிருக்கிறதா என்றார். நினைவில்லாமல் என்ன.

"அவங்களுக்குக் கிடைக்கிற அன்னைக்கு நானும் வாங்கிக்கிறேன்."

"அன்னைக்கு நீங்க இருப்பீங்களா?" என்றேன்.

எங்களுக்குள் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த சண்டை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. சத்தம் போட்ட சண்டை இல்லை. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கும்போது, குழந்தைக்கு ஜுரம் வந்து தஞ்சாவூருக்குப் போகும்போது, என் தம்பி கல்யாணத்துக்குச் செய்முறை செய்ய வழியில்லாமல் நின்றபோது, அது என் நெஞ்சில் வந்து உட்காரும். நான் ஏதாவது சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. முதியோர் பென்ஷன் என்று ஒன்று அப்போதே இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் அது கிடைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாலுகா ஆபீசுக்கும் கிராம அலுவலர் வீட்டுக்கும் நடந்து நடந்து ஒவ்வொருவருக்காக வாங்கிக் கொடுத்தார். சித்திக்கு மட்டும் அவரால் வாங்க முடியவில்லை. வயதுக்குச் சான்று இல்லை என்றார்கள். அதை எப்படியோ வாங்கிக் கொண்டுபோனால், சம்பாதிக்கிற மகன் இருக்கிறானே என்றார்கள். மகன் குடித்துவிட்டுத் திருச்சிப் பக்கம் எங்கேயோ கிடந்தான். ஆனால் ரேஷன் கார்டில் இருந்தான். நான்கு தடவை மனு போட்டார். நான்கும் தள்ளுபடி ஆனது.

அந்த அம்மா கடைசிவரை நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு புரட்டாசியில், சம்பா நடவு முடியப்போகிற சமயத்தில், வயலிலேயே மயங்கி விழுந்தார். கரையேற்றும்போது உயிர் இருந்ததாம். என் கணவர் ஓடிப்போனபோது இல்லை. சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து கல்லணைக் கால்வாயில் குளித்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்தார். இனிமேல் இந்த மனிதன் மனம் மாறும் என்று நான் நினைத்தேன். ஆள் போன பிறகு யாருக்காகப் பிடிவாதம். ஆனால் அன்றிலிருந்து அது இன்னும் இறுகிவிட்டது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

எங்களுக்கு ஒரே மகன். படிப்பில் கெட்டிக்காரன். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. என் சம்பளத்தில் பழைய தேர்தல் கடனுக்குப் பிடித்தது போக, ஹாஸ்டலுக்குக் கட்டக்கூட மிஞ்சாது. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தஞ்சாவூருக்குப் போய், யார் யாரையோ விசாரித்து, அந்தப் பென்ஷன் விண்ணப்பத்தை வாங்கிவந்தான். அப்பாவின் பெயர், தொகுதி, பதவியில் இருந்த காலம், எல்லாவற்றையும் அவனே அழகாக நிரப்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதையும் ஒரு பேனாவையும் அவர் முன்னால் வைத்தான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து அதைப் போட்டார். பிறகு கையெழுத்துப் போடாமல் மூடியைத் திருகி, தாளின் மேலேயே பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

என் பிள்ளை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு மாதத்தில் பக்கத்து ஊர்ப் பையன்களோடு சேர்ந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டான். நான் என் வளையலை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று அப்பாவின் காலைத் தொட்டு வணங்கினான். அவர் அவன் தலையில் கை வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பணம் அனுப்புவான், எனக்கு. கடிதம் எழுதுவான், எனக்கு. வீட்டுக்கு ஃபோன் வந்த பிறகு, அவர் எடுத்தால், அம்மாகிட்ட குடுங்க என்பான். அவரும் அது அவன் குரல் என்று தெரிந்ததும், இரு, கூப்பிடறேன் என்பார். இருபது வருஷம் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது அநேகமாக இந்த இரண்டு வாக்கியம்தான். இடையில் அவன் மேற்பார்வையாளராகி, கல்யாணமும் செய்துகொண்டு, குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொண்டான். லீவுக்கு வந்தால் பத்து நாள் இருப்பான். அப்பாவுக்கு வேட்டி வாங்கிவந்து என் கையில்தான் கொடுப்பான்.

நான் ஓய்வு பெற்றேன். எனக்குப் பென்ஷன் வந்தது. முதல் மாதம் பாங்கிலிருந்து வந்து, அவரிடம் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றதற்கு இது என்று. நல்லா இரு என்றார். அதில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்குத்தான் ஏனோ சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஒரு காலையில், முகம் கழுவப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தோம். உயிர் தப்பினார். வலது கை, வலது கால் போய்விட்டது. பேச்சு குழறியது. எனக்கு மட்டும் புரியும்.

வீட்டுக்கு அழைத்துவந்து நானே பார்த்துக்கொண்டேன். அவர் உயரமான ஆள். புரட்டிப் படுக்கவைத்துத் துணி மாற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஒரு நாள் அப்படித் தூக்கும்போது என் இடுப்பில் சுளுக்கு ஏறி, அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடப் பக்கத்தில் ஆளில்லை. அவர் கட்டிலில், நான் தரையில். அரை மணி நேரம் இருக்கும். அவர் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. எட்டித் துடைக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஃபாரம், என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி எந்த ஃபாரம் என்றேன். மறுபடி சொன்னார். பென்ஷன் ஃபாரம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். இது அவர் வாயில் வராதா என்று வேண்டாத சாமி இல்லை. வந்தபோது ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன்.

"வேணாங்க. இத்தன நாள் இல்லாமயே இருந்துட்டோம்" என்றேன்.

அவர் இடது கையால் என் இடுப்பைக் காட்டினார்.

"உனக்கு... ஒரு ஆளு வையி."

அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. வேண்டாம் என்று இன்னும் இரண்டு தடவை சொல்லியிருக்கலாம். என் இடுப்பு வலியும் நிஜம், என் களைப்பும் நிஜம்.

விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தால் போதும், டாக்டர் சான்று கொடுத்துவிடுவார் என்றார்கள். எனக்கு அது மனசு வரவில்லை. சபைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மனிதன். ஒரு சிலேட்டை வாங்கிவந்து அவர் மார்பில் சாய்த்து வைத்து, இடது கையால் பெயர் எழுதப் பழக்கினேன். ஆயிரம் குழந்தைகளுக்குக் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள்தான். இந்தக் கையையும் அதே மாதிரி பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தாளில் போட்டார். கோணல் மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு உயரத்தில், ஒன்றாம் வகுப்பில் ஆடி மாதம் பிள்ளைகள் எழுதுவது போல இருந்தது. போட்டு முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பென்ஷன் வந்தது. ஏழு மாதம் வாங்கினார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தேன். திடமான பெண், அவரை லேசாகத் தூக்கிவிடுவாள். எவ்வளவு வருகிறது, வந்ததா, ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், தெருவில் தெரியுமா என்றார்.

யாருக்கும் தெரியாது என்று சொன்னேன்.

பொய். எங்கள் தெருவில் எதுதான் தெரியாமல் இருக்கும்? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர்கூட ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. பால் ஊற்றுகிற அம்மா ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்பவாச்சும் வாங்கிக்கிட்டாரே, இத்தனை நாள் எங்களுக்குத்தான் உறுத்தலா இருந்துச்சு என்று சொன்னாள். அதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எல்லோருக்கும் தெரியும் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடுமே, கூசிப்போவாரே என்று பயந்து விட்டுவிட்டேன். தெரு தன்னை என்ன நினைக்குமோ என்கிற அந்தப் பாரத்தோடுதான் அவர் போனார். அதை இறக்கிவைக்கிற வார்த்தை என் மடியில் இருந்தது. இதைவிடப் பெரிய தப்பு எதையும் நான் அவருக்குச் செய்ததாக நினைக்கவில்லை.

மார்கழியில் ஒரு விடிகாலை இறந்தார். மகனுக்குச் சொல்லி, அவன் விமானம் பிடித்துத் திருச்சியில் இறங்கி வீடு வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவை அவன் நின்று பார்த்தான். கொடி போர்த்தியிருந்தது. யார் யாரோ வந்து பேசினார்கள். கொள்ளி வைத்தான், மொட்டை போட்டுக்கொண்டான். காரியமெல்லாம் முறையாகச் செய்தான். அழவில்லை.

கருமாதி முடிந்து அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், எனக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தான். பழைய காகிதங்களைக் கேட்டான். ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவன் அவருடைய விண்ணப்ப நகலில் நின்றுவிட்டான்.

"இது யாரு போட்ட கையெழுத்து?"

"அப்பாதான்" என்றேன். இடது கையில் போட்டது என்றும், பழக மூன்று நாள் ஆனது என்றும் சொன்னேன். எதற்காகப் போட்டார் என்றும் சொன்னேன்.

பென்ஷன் வருகிறது என்று நான் ஃபோனில் சொன்னதிலிருந்து, கையெழுத்தை நானே போட்டிருப்பேன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். அவர் போட்டிருக்க மாட்டார் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து கொல்லைப்பக்கம் போனான். கிணற்றடித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாற்பது வயதுக்காரன். நான் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அடுப்பில் சாதம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதெல்லாம் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நான் தஞ்சாவூரில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு இரண்டு பென்ஷன். வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று போய்க் காட்டிவிட்டு வருகிறேன். கருவூலத்தில் இருக்கும் பெண்கள் நல்ல மாதிரி, உட்காரச் சொல்லி நாற்காலி போடுகிறார்கள். பேப்பரில் அவ்வப்போது எம்.எல்.ஏ.க்களின் பென்ஷனை உயர்த்தினார்கள் என்று செய்தி வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத் திட்டுவார்கள். அவர்கள் திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் செய்கிறான். முன்பு சாப்பாடு, மாத்திரை, சுகர் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். இப்போது கொஞ்ச நாளாக அப்பாவைப் பற்றிக் கேட்கிறான். சின்ன வயதில் எப்படி இருப்பார், முதல் தேர்தலில் எந்தெந்த ஊருக்கு நடந்து போனார், சென்னையில் யாரோடு தங்கியிருந்தார். தெரிந்ததைச் சொல்கிறேன். நிறையத் தெரியவில்லை.

போன வாரம், சபையில் முதல் தடவை பேச எழுந்தபோது அப்பாவுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். அவர் பேசி நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. பார்வையாளர் பகுதிக்குச் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். பள்ளியில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

"தெரியலப்பா" என்றேன்.

அவன், ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்களா என்று கேட்டான். விட்டுவிட்டார்கள், பூதலூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறதாம் என்று சொன்னேன்.